கஞ்சி கரைத்த கை

இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் சோறு போடுகிறவன் கையில் உறை மாட்டிக்கொண்டு வருகிறான். தலையில் ஒரு வலைத்தொப்பி, வாயில் ஒரு துணி. இலையில் சோறு விழுகிறது, போட்டவன் மூஞ்சி தெரியவில்லை. சாப்பிட வருகிறவனும் லேசுப்பட்டவன் இல்லை. உட்காருவதற்கு முன்னால் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து இரண்டு கையிலும் பிசுபிசுவென்று தடவிக்கொள்கிறான். தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடி ஏற்கனவே திருகியதா என்று உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறான். சொந்தக்காரன் கையை நம்பாதவன் சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு எதற்கு வர வேண்டும்? வாழ்த்தைப் போனில் அனுப்பிவிட்டு வீட்டிலேயே கிடக்கலாம்.

திருவாரூர் மண்டபத்தில் காலைப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து இலைக்காரன் சிரித்தான்.

"கிருமி பரவாம இருக்கத்தான் பெருசு."

கிருமி. அந்த வார்த்தையை நான் முதல்முதலாகக் கேட்டபோது எனக்கு முப்பது வயது. இப்போது எழுபத்தெட்டு. இன்றுவரை ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்தது கிடையாது.

கல்யாணம் எங்கள் தெரு இராஜாங்கத்தின் மகனுக்கு. இராஜாங்கம் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். பெண் தஞ்சாவூர். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம், சளி, இன்னும் என்னென்னவோ எல்லாம் வாங்கிச் சோதித்துப் பார்க்கிற வேலை. பையனுக்கும் அதே ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டும் பழகி, பேசி, பெரியவர்களிடம் சொல்லி முடிவாகிவிட்டது. பெண் யார் வீட்டுப் பெண் என்பது பத்திரிகை கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். 'காத்தான் - காளியம்மாள் பேத்தி' என்று போட்டிருந்தது. திரும்பவும் கூட்டிப் படித்தேன். அதேதான்.

போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். இராஜாங்கம் விடவில்லை. நேரில் வந்து நின்றான்.

"சித்தப்பா, தெருவுல மூத்தவங்க நீங்கதான் இருக்கீங்க. முத பந்தியில முத இலைக்கு நீங்கதான் சோறு வைக்கணும்."

"அதெல்லாம் வேண்டாம்டா. வந்து உக்காருறேன், அதோட சரி."

"ஏன், ஒரு கரண்டி சோறு வைக்க முடியாதா?"

"கை நடுங்குது."

என் கை நடுங்காது. இன்னமும் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். ஆனால் நான் யாருக்கும் சோறு போட்டு நாற்பத்தெட்டு வருஷமாகிறது. என் பெஞ்சாதி கண்ணாத்தாள் சாகிற வரைக்கும் அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்தபோது ஒரு வாய்க் கஞ்சி ஊட்டு என்று கேட்டாள். மருமகளைக் கூப்பிட்டு ஊட்டச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரி, அது கிடக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன்.

ரூபாய்க்குப் படி அரிசி என்று சொல்லி வந்த ஆட்சிக்கு அப்போது மூன்று வருஷம். நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்த சமயம். எங்கள் ஊர் மிராசுதார் பண்ணையில் இருந்த மாட்டுக்கும் நாய்க்கும் பெயர் வைத்து நிலம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெருவில் பேசிச் சிரிப்போம். குறுவை அறுப்புக்குக் கலம் நெல்லுக்கு அரை மரக்கால் கூலி கூடக் கேட்டோம். மாட்டேன் என்றார். அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உட்கார்ந்துவிட்டோம். வெளியூர் ஆளை இறக்கினார். வரப்பில் படுத்து மறித்தோம். போலீஸ் வந்தது. நெல் வயலிலேயே சாய்ந்து கிடந்தது.

அறுப்பு இல்லை என்றால் அடுப்பு இல்லை. சங்கத்தில் இளையபெருமாள்தான் எங்களுக்குத் தலைவர். வாயும் வயிறும் பெரிசு, பயம் மட்டும் கிடையாது. அவர் ஒரு ஏற்பாடு செய்தார். நாலைந்து ஊரிலிருந்து அரிசி திரட்டி, தெரு முழுக்க ஒரே அண்டாவில் பொங்குவது. தனித்தனியாகப் பொங்கினால் எவன் வீட்டில் புகை வருகிறது, எவன் பண்ணைக்குப் போய் ரகசியமாக வாங்கி வந்தான் என்று சந்தேகம் வரும். ஒரே அண்டா, ஒரே கை. அந்தக் கை என்னுடையது.

மத்தியானம் சோறு பொங்கிப் பெரிய பாயில் கொட்டி ஆற்றுவேன். சாயங்காலம் அதை அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கட்டி இல்லாமல் கையால் பிசைந்து, மூடி வைப்பேன். காலையில் உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கரைத்து, ஆளுக்கு ஒரு சட்டி அள்ளி ஊற்றுவேன். அகப்பை இருந்தது. ஒரு நாள் அகப்பையால் கலக்கியபோது, "என்ன மருதை, இன்னைக்குக் கஞ்சி செத்துப்போயிருக்கு?" என்று கேட்டார்கள். மருதையன் கை பட்டால்தான் ருசி என்று பேராகிவிட்டது. எனக்கும் பெருமைதான். பிறந்ததிலிருந்து மிராசுதார் வீட்டில் நான் தொட்ட எதையும் யாரும் தொட்டதில்லை. இங்கே இருநூறு பேர் என் கையைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

அண்ணன் பெஞ்சாதி ராமாயி வரிசையில் கடைசியாகத்தான் வருவாள். இடுப்பில் இராஜாங்கம், ஒரு வயசுகூட முடியாத பிள்ளை.

"கொஞ்சம் கெட்டியா அள்ளிப் போடு மருதை. பால் வத்திப்போச்சு, கடிக்கிறான்."

"உங்களுக்கு இல்லாததா அண்ணி?"

அண்டாவின் அடியில் கையை விட்டு, இரண்டு கை சோறு கூடவே அள்ளிப் போடுவேன். தினமும். அந்த இரண்டு கையைத்தான் நான் இன்றைக்கும் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

தெருவில் ஒருவன் மட்டும் எங்களோடு சேரவில்லை. காத்தான். எனக்கு மச்சான் முறை, என் வயதுதான். பண்ணையில் மாடு பார்க்கிறவன். "அறுப்ப நிறுத்துங்க, மச்சான். மாடு என்ன பாவம் பண்ணிச்சு? அதுக்குத் தண்ணி யாரு காட்டுவா?" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையிலேயே தங்கிவிட்டான். அவன் பெஞ்சாதி காளியம்மாள் மட்டும் வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கஞ்சி இல்லை என்று சங்கத்தில் முடிவு.

ஒரு நாள் விடிகாலையில் காத்தானை எங்கள் தெருக் குளத்தில் பார்த்தேன். கையில் எண்டிரின் டின். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து அது, அந்தக் காலத்தில் எல்லாப் பண்ணையிலும் இருக்கும். காலி டின்னைத் தெருவில் எல்லாரும் வெளிக்குப் போகத் தண்ணீர் எடுக்க வைத்திருப்பார்கள். என் வீட்டிலும் ஒன்று இருந்தது. அவன் பெஞ்சாதியைப் பார்க்க வந்தவன், வெளிக்குப் போய்விட்டு, படித்துறையில் டின்னை அலசிவிட்டுப் போனான். நான் பார்த்தது அவ்வளவுதான்.

அது நடந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ முதல் காய்ச்சல். பிறகு ஒரே வாரத்தில் இருபத்தொரு பேர். தலைவலி, வயிறு வீக்கம், சாயங்காலமானால் உடம்பு கொதிக்கிறது, வாரம் தாண்டியும் இறங்கவில்லை. சிலர் பிதற்ற ஆரம்பித்தார்கள். ரெத்தினம் என்று ஒரு வாலிபன், வரப்பில் போலீஸ் தடிக்கு நெஞ்சைக் காட்டியவன், ரத்தமாகப் பேதியாகிச் செத்தான். பின்னாலேயே இளையபெருமாளின் அம்மா. அதற்குப் பின்னால் ராமாயி. பால் குடிக்க முட்டி முட்டிப் பார்த்த இராஜாங்கத்தைப் பிரித்தெடுத்தது கண்ணாத்தாள்.

ராமாயியை எடுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். எல்லார் கண்ணும் அண்டாப் பக்கம் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. யாராவது திறந்துவிடுவார்களோ என்று எனக்கு இருந்தது. அப்போதுதான் நான் சொன்னேன்.

"காத்தான் நம்ம குளத்துல எண்டிரின் டின்ன அலசுனத நான் பாத்தேன்."

அதற்கு மேல் நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றதை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மிராசுதார் கொடுத்தனுப்பினார், இவன் ஊற்றினான்.

எண்டிரின் குளத்தில் பட்டால் முதலில் மீன் மிதக்கும். விவசாயம் பார்க்கிற எவனுக்கும் அது தெரியும். எங்கள் குளத்தில் ஒரு கெண்டைகூட மிதக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். அந்த வாரம்கூட அதில் மீன் பிடித்து நானே சுட்டுத் தின்றேன்.

பண்ணைக் கொட்டகையிலிருந்து காத்தானை இழுத்து வந்தார்கள். உலக்கையால் இடது முழங்காலில் அடித்தார்கள். "மச்சான், நீ சொல்லு மச்சான். நான் ஊத்துவனா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டான். நான் அவன் மேல் கை வைக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. அன்றைக்கே காளியம்மாள் அவனை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் போய்விட்டாள்.

அதற்கு மறுநாள் சுகாதார ஆய்வாளர் வந்தார். நெய்னா முகம்மது என்று பெயர், அதிராம்பட்டினம் பக்கத்துக்காரர். சைக்கிளில் ஒரு மரப்பெட்டி. "வாங்க, உக்காருங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். அரசாங்க ஆள் எங்கள் தெருவில் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. என்னமோ எழுதி வாங்கப் போகிறார் என்று அப்போதே நினைத்தேன்.

எழுதி வாங்கவில்லை. ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா கொடுத்தார். சமைக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள், தண்ணீர் சேந்துகிறவர்கள், ஒன்பது பேர் காலையில் வெளிக்குப் போனதில் கொஞ்சம் அதில் எடுத்துத் தர வேண்டும். இளையபெருமாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க நெல்லு கேட்டோம் பாய். கவர்மெண்டு எங்ககிட்ட இதக் கேக்குது."

சாவு விழுந்த தெருவில் அன்றைக்குத்தான் ஜனங்கள் சிரித்தார்கள்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். என்னை மட்டும் தனியாக வாய்க்கால் மதகுக்குக் கூட்டிப்போனார்.

"மருதையன், உங்களுக்கு எப்பவாச்சும் நீளமாக் காய்ச்சல் வந்துருக்கா? மூணு வாரம் போல?"

"பதினஞ்சு வயசுல வந்துச்சு. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள் படுத்ததில்ல."

"அதான். காய்ச்சல் போயிருச்சு. அதக் குடுத்த கிருமி போகல. உங்க பித்தப்பையில குடியிருக்கு. உங்கள ஒண்ணும் செய்யாது. நீங்க வெளிக்குப் போறப்ப அதோட வரும். கழுவுற கையில, நகத்துக்குள்ள தங்கும். அந்தக் கையால கஞ்சியக் கரைச்சா கஞ்சிக்குள்ள போயிரும்."

"நான் கை கழுவாமலா ஐயா அண்டாவுல விடுவேன்?"

"குளத்துல அலசுனா போதாது. சோப்பு போட்டீங்களா?"

சோப்பு. தெருவிலேயே சோப்பு இருந்தது இளையபெருமாள் வீட்டில் மட்டும்தான்.

"கொதிக்கிற சோத்துல எது ஐயா உசுரோட இருக்கும்?"

"கொதிக்கிறதுல செத்துரும். நீங்க ஆறுனதுக்கப்புறம்தான கைய விட்டீங்க? சாயங்காலம் பிசைஞ்சு மூடி வச்சீங்க. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். விடியிறதுக்குள்ள அண்டா முழுக்க அதுதான்."

"எண்டிரினு?"

"எண்டிரின் குடிச்சவன் அன்னைக்கே வலிப்பு வந்து போயிருவான். வாரக் கணக்குல காய்ச்சல்ல கிடக்க மாட்டான்."

எனக்குச் சுரீரென்று வந்தது. இந்தப் பேச்சால் யாருக்கு லாபம்? மிராசுதாருக்கு. செத்தவர்களைக் கொன்றது எங்கள் கையேதான் என்று ஆகிவிட்டால் பண்ணை தப்பித்துக்கொள்ளும்.

"மிராசுதார் வீட்டுலயா ஐயா சாப்பிட்டுட்டு வர்றீங்க?"

அவர் கோபப்படவில்லை. "பள்ளிவாசல்ல படுத்திருக்கேன். டீயும் பன்னும் சாப்பிட்டேன்" என்றார். "தஞ்சாவூருக்கு வாங்க. பெருசாக் காட்டுற கண்ணாடியில காட்டச் சொல்றேன். அசையிறத நீங்களே பாக்கலாம்."

"பாத்து நான் என்ன செய்ய?"

பெட்டியிலிருந்து ஒரு மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தார். பிறகு கேட்டார்.

"உங்க வீட்டுல யாருக்காச்சும் இதுக்கு முன்னால இந்தக் காய்ச்சல் வந்துருக்கா?"

"இல்ல."

வந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால். என் மூத்த பெண் பொன்னுத்தாய், நாலு வயது. அவள் வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். நான் வயலிலிருந்து வந்து, பழைய சோற்றைப் பிசைந்து உருட்டி, உள்ளங்கையில் வைத்துக் காட்ட வேண்டும். "காக்காவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே தின்பாள். பதினெட்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். அப்போதும் நான்தான் ஊட்டினேன்.

"உங்க மேல தப்பு இல்ல" என்றார் பாய். "தெரிஞ்சு செய்யல. ஆனா இனிமே தெரியும்ல? சமைக்காதீங்க. இந்த மாத்திரைய விடாமச் சாப்பிடுங்க. அந்தக் காத்தான்கிற ஆளு விஷயத்த ஊர்ல நீங்களே எடுத்துச் சொல்லிருங்க. நான் சொன்னா மிராசுதார் ஆளும்பாங்க."

"சொல்றேன் ஐயா."

சொல்லவில்லை. அவர் சைக்கிள் மறைந்ததும் மாத்திரையை வாய்க்காலில் கொட்டினேன். அந்த வாரம்தான் தாசில்தார் முன்னால் கூலிப் பேச்சு. இந்த நேரத்தில் இதை வெளியில் விட்டால் மிராசுதார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார், கேட்டது கிடைக்காமல் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை மரக்கால் கிடைத்தது. கிடைத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். பாய்க்கு மாற்றல் வந்துவிட்டது, அவர் எழுதிய காகிதத்தை எந்த ஆபீசில் எந்தக் கரையான் தின்றதோ. கஞ்சி அண்டாவைக் கவிழ்த்தாயிற்று. நான் அதற்குப் பிறகு யாருக்கும் சோறு போடவில்லை. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை. நம்பாதவன் எதற்கு இப்படி இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

திருவாரூர் மண்டபத்துக்கு வருகிறேன். இலையில் பொங்கலை வைத்துவிட்டுப் போனார்கள். நான் இன்னும் தொடவில்லை. கைத்தடியைத் தட்டிக்கொண்டு ஒருவன் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். இடது கால் மடங்கவில்லை, நீட்டியே வைத்துக்கொண்டான். முடியெல்லாம் வெளுத்திருந்தது. ஆனால் அந்தக் கண் மாறவில்லை.

"என்ன மச்சான், மண்டபமே கேக்குற மாதிரி வையிற. வாயி மட்டும் அப்படியே இருக்கு."

"நல்லாருக்கியா காத்தான்?"

"இருக்கேன். ஒரு கால் பொண்ணு வீட்டுப் பக்கம் போகுது, ஒரு கால் மாப்ள வீட்டுப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடிப்பான், இல்லையென்றால் காறித் துப்புவான் என்று எதிர்பார்த்து வந்தவன் நான். அவன் நாற்காலியை நகர்த்திக் கிட்டே வந்தான்.

"தாலி கட்ட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள இராஜாங்கத்துகிட்ட ஒண்ணு சொல்லணும். தனியாச் சொல்லத் தெம்பில்ல. நீ கூட நில்லு."

"என்ன சொல்லணும்?"

"அவன் ஆத்தாளக் கொன்னது நான்தான்னு."

இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஊத்தல மச்சான். சத்தியமா ஊத்தல. ஆனா அந்த டின்னு புதுசாக் காலியானது. முந்தின நாள்தான் மருந்த சம்பா நாத்துக்கு அடிச்சு முடிச்சாங்க. நல்லாக் கழுவிட்டேன்னு நெனச்சேன். அடியில ஒட்டியிருந்துச்சோ என்னமோ. நான் அத உங்க குளத்துல அலசுனேன். அதுலருந்துதான தண்ணி எடுத்துக் கஞ்சி காச்சுனீங்க? நீ பாத்ததத்தான சொன்ன. உன் மேல எனக்குக் கோவம் இல்ல." மூச்சு வாங்கினான். "என் பேத்தி அந்த வீட்டுல போயி வாழப்போறா. சொல்லாமக் கட்டிக் குடுத்தா அது தப்பு. வேணாம்னு அவன் சொன்னாலும் சரிதான்."

நாற்பத்தெட்டு வருஷம் இவன் என்னைத் திட்டிக்கொண்டிருப்பான் என்றே நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. இவன் தன்னையே கொலைகாரன் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறான்.

அவன் தடியை ஊன்றி எழுந்தான். இராஜாங்கம் மேடைக்குப் பக்கத்தில் யாரிடமோ பூமாலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நான் காத்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"மீன் மிதக்கல" என்றேன்.

"என்ன?"

"குளத்துல. ஒரு மீன்கூட மிதக்கல."

அவன் வாய் திறந்தபடி இருந்தது. "ஒண்ணுகூடவா?"

"நான் பிடிச்சுச் சுட்டுத் தின்னேன்."

"எனக்கு யாரும் சொல்லலயே மச்சான். மீன் மிதந்துச்சான்னு கேக்கக்கூட எனக்கு ஆளு இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பாய் வந்தது, டப்பா, மதகு, பித்தப்பை, நகம், அண்டா. பாய் சொன்ன வார்த்தையையே சொன்னேன், என் வார்த்தை ஒன்றும் சேர்க்கவில்லை. உன் மேல் விழுந்த பழியை ஊரில் எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். மேளக்காரர்கள் நடுவில் வாசிக்க ஆரம்பித்தார்கள். அவன் காதுக்கிட்டே குனிந்து கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்வது மாதிரி ஒரு கேவலம் கிடையாது.

மேளம் நின்ற பிறகும் அவன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பத்து நாளு பொறுத்து உனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான்.

"ஆமா."

"தஞ்சாவூரு என்ன சீமையிலயா இருக்கு? ஒரு பஸ்ஸு."

நான் மேடைப் பக்கம் பார்த்தேன்.

"காளியம்மா செத்தப்பகூட அதத்தான்டா சொல்லிட்டுச் செத்தா. 'டின்ன நான்தான் உங்க கையில எடுத்துக் குடுத்தேன், என்னாலதான்'னுட்டு."

அவன் என் கையைப் பார்த்தான். இலைக்குப் பக்கத்தில் கிடந்த வலது கையை. நான் மடிக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

"இந்தக் கிருமி கதைய நீ நம்புறியா? எனக்கு நெசத்தச் சொல்லு. நீ நம்பலன்னா, நான் இப்பவே போயி இராஜாங்கத்துகிட்டச் சொல்லிட்டுத்தான் மறுவேல பாப்பேன். என் பேத்தி தினமும் அதத்தான் கண்ணாடியில பாக்குறேங்கிறா. நான் பாத்ததில்ல. நீ சொல்லு."

நம்பவில்லை என்று சொன்னால் இவன் எழுந்து போவான். இராஜாங்கத்தின் முகம் மாறும். அந்தப் பெண் மாலையோடு நிற்கும்.

"நம்புறேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா. டின்னு இல்ல. என் கைதான்."

அவன் தலையை ஆட்டினான். ஏதோ பெரிய மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தான். சாய்ந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று அவன் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொன்னுத்தாயைத் துணியில் சுற்றி ஆற்றங்கரைக்குத் தூக்கி வந்தவன் அவன்.

"மச்சான். அப்ப, பொன்னுத்தாயி..."

நான் எழுந்தேன். இலையை மடிக்கவில்லை. பொங்கல் வைத்தபடி இருந்தது. "உக்காருடா, தாலி கட்டுறதப் பாத்துட்டுப் போ" என்று பின்னாலிருந்து கூப்பிட்டான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட நின்றிருப்பேன். வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன பாட்டிலை வைத்துக்கொண்டு ஒருத்தி, "கையக் காட்டுங்க ஐயா" என்றாள். காட்டவில்லை.

வெயில் ஏறியிருந்தது. கெட்டிமேளம் கேட்டபோது நான் கமலாலயம் குளக்கரையைத் தாண்டியிருந்தேன். நடந்துகொண்டே யோசித்தேன். காத்தானிடம் சொன்னது கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. அவன் நிம்மதியாகச் சாகட்டும். டின்னில் ஒன்றும் இல்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும், அந்தப் பொய்க்கு எந்தச் சாமி என்ன செய்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒன்று என் வயிற்றில் குடியிருந்துகொண்டு, என்னை ஒன்றும் செய்யாமல், என் கையிலிருந்து சாப்பிட்டவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறது என்றால், அதை எப்படி நம்புவது? பொன்னுத்தாய் படுத்த வருஷம் ஐப்பசி மழை பிந்திப்போய் ஒரேயடியாகக் கொட்டியது. வாய்க்கால் தண்ணீர் கலங்கலாக வந்தது. குழந்தைக்குச் சளி பிடித்திருந்தது. காய்ச்சல் எத்தனையோ விதத்தில் வரும்.

பஸ் ஸ்டாண்டில் தாகம் எடுத்தது. குழாயில் ஒருத்தி தன் பிள்ளைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் பிடிங்க தாத்தா, பைய எடுத்துக்கிறேன்" என்று டம்ளரை நீட்டினாள். வேண்டாம், கீழே வை என்று சொல்லிவிட்டு, எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். நான் நம்பவில்லை.